மாமனார் ஊருக்கு எழுந்தருளும் சௌரிராஜன்

மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறான். பஞ்சாங்கத்திலும் உத்ஸவப் பத்திரிகையிலும் இதற்கு அச்சிடப்படும் சொல் ஒன்றே: ‘தீர்த்தவாரி’. ஆனால் அவ்வூரைச் சேர்ந்த பட்டினச்சேரி மீனவர்கள் அன்று எம்பெருமானை எதிர்கொண்டு அழைக்கும் சொல் வேறு. ‘மாப்பிள்ளை, மாப்பிள்ளை’ என்று அவர்கள் கூவுகிறார்கள். பெருமாளைப் பவளக்கால் சப்பரத்தில் எழுந்தருளப்பண்ணித் தங்கள் தோளில் தாங்குகிறார்கள். அவர்கள் கணக்கில் பெருமாள் நீராட வரவில்லை. பெண் எடுத்த வீட்டுக்கு வருகிறான். நீராட்டம் அதனோடு சேர்ந்து நடக்கிறது.

இவ்விரண்டு சொற்களில் முன்னதையே நம்மவர் எழுதி வந்திருக்கிறோம். பின்னதைக் கரையில் கேட்டுப் புன்முறுவல் செய்து, ‘ஜனங்களின் பக்தி’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நம் பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைக் கற்றவர்கள் அப்படி விட்டுவிடத் தக்கதன்று அச்சொல் என்பதே இக்கட்டுரையில் விண்ணப்பிக்க விழைவது. கீழைக் கடற்கரையின் மக்கள் தம்மை இன்னார் என்று அறிந்துகொண்ட வரலாறு அச்சொல்லில் இருக்கிறது. அதைவிட, ஸம்பந்த ஜ்ஞானம் என்று நாம் ஓயாமல் பேசும் பொருளும் அதில் இருக்கிறது.

முதலில் தலத்தைப் பற்றிச் சிறிது. திருவரங்கம் மேலை வீடு, திருவேங்கடம் வடக்கு வீடு, திருமாலிருஞ்சோலை தெற்கு வீடு என்னும் வழக்கில் திருக்கண்ணபுரம் கீழை வீடு. மூலவர் நீலமேகப் பெருமாள்; தாயார் கண்ணபுர நாயகி; விமானம் உத்பலாவதகம். நம்மாழ்வார், குலசேகராழ்வார், பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார் என ஐவர் மங்களாசாஸனம் செய்த திவ்யதேசம். பெரிய திருமொழியில் எட்டாம் பத்து முழுவதையும் திருமங்கையாழ்வார் இத்தலத்துக்கே ஸமர்ப்பித்தார். ஒரு பத்தின் பத்துத் திருமொழிகளும் ஒரே ஊருக்கு என்பது சாதாரணமன்று. அப்பத்தின் இறுதித் திருமொழியில், திருவெட்டெழுத்தைக் கற்றதன் பயனாகத் தாம் பெற்றது எம்பெருமானின் அடியார்க்கு அடிமையாயிருக்கை என்று ஆழ்வார் கண்ணபுரத்தம்மானிடமே தெரிவிக்கிறார். திருமந்த்ரத்தின் உட்பொருள் பாகவத சேஷத்வம் என்பதற்கு நம் பெரியோர் எடுத்துக்காட்டும் தலையாய இடம் இது. இந்தப் பாசுரம் பிறந்த ஊரிலிருந்து புறப்படும் பெருமாளைத்தான் மீனவர்கள் மாப்பிள்ளை என்கிறார்கள். இதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

‘கீழை’ என்பது திசையை மட்டும் குறிக்கும் சொல்லன்று. சோழநாட்டின் கீழ்க்கரை, நாகையும் காரைக்காலும் திருமலைராயன்பட்டினமும் அடங்கிய நெய்தல் நிலம், இத்தலத்தின் பின்புலம். திருமங்கையாழ்வாரின் பாசுரங்களை வரைபடத்தில் இட்டுப் பார்ப்பவர்க்கு அவர் எவ்வளவு கடற்கரை ஆழ்வார் என்பது புலப்படும். வடக்கே கடல்மல்லைக்கு இரண்டு திருமொழிகள், நடுவே நாகைக்கு ஒன்று, தெற்கே திருப்புல்லாணிக்கு இரண்டு. பிறந்த குறையலூரும், ஆண்ட ஆலிநாடும் காவிரி கடலோடு கலக்கும் பக்கத்தவை. குருபரம்பரையும் அவரைக் கடலோடு சேர்த்தே பேசுகிறது. திருவரங்கத்துத் திருமதில் கைங்கர்யத்துக்காக நாகப்பட்டினத்துப் பௌத்த விஹாரத்தின் பொற்படிமத்தைக் கவரக் கருதி, அதன் பொறியை அமைத்த சிற்பியைத் தேடித் தீவுக்குச் சென்றதும், திரும்பும்போது பாக்கு ஏற்றிய மரக்கலத்தில் பாதிப் பாக்கைக் கேட்டு வாங்கி, கரை சேர்ந்ததும் சரக்கிலேயே பாதி தமது என்று வழக்காடியதும் எல்லோரும் அறிந்த கதை. அக்கதையின் அறம் பற்றிப் பலர் பலவாறு பேசியுள்ளனர். இங்கே அது வேண்டா. நாகைத் துறையில் விஹாரமும், தீவாந்தரப் பயணமும், பாக்கு வாணிகமும் ஒன்றாய்க் கலந்திருந்த ஓர் உலகத்தை நம் குருபரம்பரை மறக்கவில்லை என்பதே இங்கு வேண்டுவது. ஆழ்வாரின் கைங்கர்யம் நடந்த உலகம் அக்ரஹாரத்துக்குள் அடங்கியதாக இல்லை.

இனிப் பட்டினச்சேரியின் கதை. மீனவர் குலத் தலைவன் ஒருவனுக்கு மகளாய் வளர்ந்தவள் பத்மினி. அவள் சௌரிராஜனையே கணவனாக வரித்தாள். எம்பெருமானும் அவளை மணந்தான். ஆதலால் அவள் பிறந்த கரைக்கு ஆண்டுதோறும் மாசிமகத்தில் அவன் எழுந்தருள வேண்டும். கதை இவ்வளவே. சொல்வோர்க்கேற்ப விவரங்கள் கூடியும் குறைந்தும் வரும். இந்த நடு எலும்பு மாறுவதில்லை.

இது கரையில் மட்டும் வழங்கும் கதையாயிருந்தால் நாட்டார் வழக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கண்ணபுரத்தில் உத்ஸவ மூர்த்தியோடு சேவை ஸாதிக்கும் நாச்சிமார் யாவர்? ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாள், பத்மினி நாச்சியார். நால்வருள் நான்காமவள் கரையிலிருந்து வந்தவள். அவளுக்குத் திருமேனி உண்டு, திருமஞ்சனம் உண்டு, தளிகையில் பங்குண்டு. கோயில் அவளை ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாயிற்று. எழுதத் தயங்குகிறவர்கள் நாம்தான்.

இந்நால்வரை இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். முதல் இருவரும் நித்ய மஹிஷிகள். பின் இருவரும் இந்நிலத்துத் தந்தையர்க்கு மகளாய் வளர்ந்தவர்கள். ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டியவர் மகள். பத்மினி வலை வீசியவர் மகள். ஒருத்தியின் தந்தை ஆழ்வாரானார். மற்றொருத்தியின் தந்தைக்குப் பெயரும் நிலைக்கவில்லை. எனினும் எம்பெருமானுக்கு இருவரும் மாமனார் முறையே.

‘ஆழ்வார் பாசுரங்களில் பத்மினி நாச்சியாரின் திருநாமம் இல்லையே’ என்று கேட்பர். உண்மை, இல்லை. ஆனால் திருவரங்கத்தை நோக்குக. உறையூரில் சோழராஜன் மகள் கமலவல்லி. பங்குனி ஆயில்யத்தில் நம்பெருமாள் அங்கே எழுந்தருளிச் சேர்த்தி காண்கிறான். சேரகுலவல்லி குலசேகரப்பெருமாளின் மகள். ஸ்ரீராமநவமியன்று அவளோடு சேர்த்தி. ஸுல்தானின் மகளான துலுக்க நாச்சியாருக்குத் திருச்சுற்றில் சித்திர வடிவில் ஸந்நிதி. அவள் பொருட்டு ரொட்டி அமுது. பாசுரத்தில் பெயரைத் தேடி இவர்களில் யாரை நாம் ஏற்றோம்? கோயிலொழுகும் ஐதிஹ்யமும் போதும் என்றிருந்தோம். சோழன் மாமனாரானான், சேரன் மாமனாரானான், தில்லித் துருக்கனும் ஒரு கணக்கில் மாமனாரானான். ஒரு தேசம் கோயிலுக்குள் புகுந்து இடம் பெற்ற வழி பலவிடத்தும் திருமணமாகவே இருந்திருக்கிறது. நிலமும் பொன்னும் கொடுத்தவன் கல்லில் பெயர் பெற்றான். பெண்ணைக் கொடுத்தவன் உறவைப் பெற்றான். கல்லெழுத்து தேயலாம், நிலம் கைமாறலாம். ஆண்டுக்கொருமுறை மாப்பிள்ளை வந்தே தீரவேண்டும் என்னும் கடமை கைமாறுவதில்லை. வேந்தர்களுக்குக் கிடைத்த இந்த வழி கட்டுமரக்காரர்களுக்கும் கிடைத்தது என்பதே பட்டினச்சேரியின் தனிச்சிறப்பு.

ஐதிஹ்யம் என்று சொன்னேன். ஈட்டைக் கற்றவர்க்கு இச்சொல்லின் கனம் தெரியும். நம்பிள்ளை காலக்ஷேபத்தில் பாசுரத்தின் பொருள் எத்தனை இடங்களில் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு விளங்குகிறது! ‘பட்டர் காலத்திலே’ என்றோ ‘நஞ்சீயர் ஒருநாள்’ என்றோ தொடங்கும் அச்சிறு கதைகள் இல்லாவிடில் வ்யாக்யானத்தில் பாதி உயிர் போய்விடும். அவற்றை எழுதி வைத்த ஓலை எது, சாட்சி யார் என்று யாரும் கேட்டதில்லை. கேள்வி வழியில் வந்தது, கேட்டவர் ஆப்தர் என்பதே அங்கு ப்ரமாணம். கரையில் பாட்டன் சொல்லப் பேரன் கேட்டதும் கேள்வி வழியே. அவர்கள் நமக்கு ஆப்தரா என்பதுதான் வினா. அடியார்க்கு அடிமை என்பதைத் திருவெட்டெழுத்தின் பொருளாகக் கொண்டவர்கள் இவ்வினாவுக்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளலாகாது.

குஹப் பெருமாளைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருளைக் கடக்க இயலாது. பெரிய திருமொழி ஐந்தாம் பத்தின் எட்டாம் திருமொழியில், திருவரங்கத்தம்மானிடம் சரணம் புகும் ஆழ்வார் முதலில் முன்வைப்பது குஹன் பெற்ற பேற்றை. தாழ்ந்தவன், அயலான் என்று நினையாமல், பிராட்டியையும் இளையபெருமாளையும் அவனுக்கு உறவாக்கிச் சக்ரவர்த்தித் திருமகன் பேசியதைக் கேட்டே தாம் வந்து அடியிணை சேர்ந்ததாக அவர் தெரிவிக்கிறார். ஸௌசீல்யம் என்னும் குணத்துக்கு நம் வ்யாக்யாதாக்கள் இதைவிடச் சிறந்த இடம் காட்டுவதில்லை. பெரியவன் சிறியவரோடு இடைவெளி தோன்றாமல் கலப்பது ஸௌசீல்யம். கலந்தபின் ‘நான் பெரியவன்’ என்ற நினைவும் அவனுக்குள் இல்லாதிருக்க வேண்டும். அதுவே அக்குணத்தின் நுட்பம். கங்கைத் துறையில் ஓடம் வைத்திருந்தவனே அதற்கு இலக்கானான் என்பதும் கவனிக்கத்தக்கது. நீரில் தொழில் செய்பவன் அவன். கம்பநாட்டாழ்வார் இன்னும் ஒருபடி சென்று, குஹன் கையில் தேனோடு மீனையும் கொடுத்து அனுப்புகிறார். முனிவர்கள் சூழ்ந்திருந்த இடத்தில் அந்தக் காணிக்கை வந்து நிற்கிறது. இராகவன் முகம் சுளிக்கவில்லை. அன்போடு கொண்டுவந்தது ஆதலால் தூயதே, தாமும் உண்டாற்போன்றதே என்று கூறி மகிழ்கிறான். அக்காவியம் அரங்கேறியது திருவரங்கத்தில் என்பது நம் பெரியோர் கொண்டது. மீனைப் பற்றிய அந்த இடத்தைக் கேட்டுச் சபை கலைந்துவிடவில்லை.

ஆயினும் குஹனுக்கும் பட்டினச்சேரியார்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. இக்கட்டுரை முழுவதும் அவ்வேற்றுமையை நோக்கியே வந்தது என்று சொல்லலாம். கங்கைக் கரையில் உறவுச் சொல்லை முதலில் கொடுத்தவன் பெருமாள். குஹன் அதைப் பெற்றுக்கொண்டான். அது மேலிருந்து கீழிறங்கிய அருள். பட்டினச்சேரியில் உறவுச் சொல்லைச் சொல்பவர்கள் கரையில் நிற்பவர்கள். அவர்கள் ‘தம்பி ஆக்கினாய், தோழன் ஆக்கினாய்’ என்று நன்றி சொல்வதில்லை. பெண் கொடுத்தவர்கள் என்ற உரிமையோடு அழைக்கிறார்கள். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு. அவனைக் குறித்த கவலையும் உண்டு. வழியில் வெயில் பட்டதோ, களைத்தானோ, சரியாக உண்டானோ என்று பார்ப்பது அவ்வீட்டாரின் கடமை.

பிள்ளை லோகாசார்யர் திருமந்த்ரத்திலிருந்து எடுத்துக் காட்டும் நவவித ஸம்பந்தங்களில் மாமன் மருமகன் உறவு இல்லை. தந்தையும் பிள்ளையும், காப்பவனும் காக்கப்படுபவனும், கணவனும் மனைவியும், உடலும் ஆத்மாவும் என அவை செல்லும்; எல்லாவற்றிலும் எம்பெருமான் மேலே, சேதநன் கீழே. மாமனார் உறவிலோ வயதாலும் முறையாலும் மனிதன் மேலே நிற்கிறான். இப்படி நின்றவர் நம் ஸம்ப்ரதாயத்தில் ஒருவர் உண்டு. அவர் பெரியாழ்வார். கருடன் மேல் ஸேவை ஸாதித்த பெருமாளைக் கண்டு, இவ்வழகுக்கு யார் கண் படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடியவர். எல்லோரையும் காப்பவனுக்குத் தாம் காப்பிட்டார். அறிவுக்குப் பொருந்தாத செயல்தான். ஆயினும் மற்றைய ஆழ்வார்களுக்குச் சில ஸமயங்களில் மட்டும் தோன்றும் அந்தப் பரிவு இவருக்கு நித்யமாயிருந்தது என்றே நம் ஆசார்யர்கள் அவரைக் கொண்டாடினர். அதனாலேயே திருப்பல்லாண்டு ப்ரபந்தத்தின் முதலில் நிற்கிறது. அவர் பின்னால் எம்பெருமானுக்குப் பெண் கொடுத்ததும் தற்செயலன்று. பரிவு முற்றினால் மாமனார் ஆகத்தான் வேண்டும் போலும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னாரை ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று சொல்லிக்கொள்ளும் ஊரார் வழக்கில் விளையாட்டும் உண்டு, தத்துவமும் உண்டு.

ஆகவே பட்டினச்சேரியின் கூவலை ஸௌசீல்யத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வது குறைவு. அது மங்களாசாஸனம். கூவுகிறவர் யார் என்று நினைத்தால் இது இன்னும் தெளியும். கடல்தொழில் செய்பவன் காலையில் திரும்புவான் என்பதற்கு உறுதி இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடலே ஏறிவந்து நாகை, காரைக்கால் கரையூர்களில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை நாம் கண்டோம். தன் உயிருக்கே காப்புத் தேடி நிற்க வேண்டியவர்கள், காப்பவனை மாப்பிள்ளை என்று அழைத்துத் தோளில் தாங்குகிறார்கள். ‘எங்களைக் காப்பாற்று’ என்பது அவர்கள் வேண்டுதலில் இல்லாமலில்லை. ஆனால் அன்று முந்தி நிற்கும் சொல் அதுவன்று. பெரியாழ்வாரின் நிலையை இவர்கள் ப்ரபந்தம் ஓதித் தெரிந்துகொண்டார்களா என்று ஆராய்வதில் பயனில்லை. நிலை இருக்கிறது.

புராண நோக்கிலும் இந்த உறவு முரணானதன்று. பிராட்டி பாற்கடலில் தோன்றியவள். ஆதலின் கடலரசன் எம்பெருமானுக்கு மாமனார் முறையாகிறான். கடலைத் தாயாகவும் வாழ்வாகவும் கொண்ட குலத்தார் அம்முறையைத் தமதாக்கிக்கொண்டது இயல்பே. காரைக்காலுக்கு வடக்கே திருவேட்டக்குடியில் சிவபெருமானையும் அம்மையையும் மீனவ உருவில் கொண்டு மாசிமக விழா நடப்பதும், திருவிளையாடற்புராணத்தில் வலைவீசும் கதை இருப்பதும், கரைமக்கள் எந்த ஸமயத்துக் கோயிலோடும் இவ்வழியிலேயே உறவு கொண்டாடினர் என்பதைக் காட்டும். கண்ணபுரத்தில் அது நம் ஸம்ப்ரதாயத்தின் நாச்சியாராக நிலைபெற்றது.

கரையைச் சொன்னபின் தீவைச் சொல்லாமலிருப்பது முறையன்று. கண்ணபுரத்துப் பெருமாளே இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறான். இலங்கைக்கு அரசனான விபீஷணாழ்வான் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் நடையழகைக் காண ஆசைப்பட, ‘கண்ணபுரத்துக்கு வா, காட்டுகிறோம்’ என்று அருளினான் என்பது தலவரலாறு. அமாவாஸைதோறும் உச்சிக்காலத்தில் பெருமாள் விபீஷணாழ்வானுக்கு நடையழகு ஸாதிப்பது இன்றும் நடக்கிறது. திருவரங்கத்தில் தென்திசை இலங்கையை நோக்கிய திருக்கண்கள். கண்ணபுரத்தில் அத்தீவின் அரசனுக்காகத் திருவடிகள். சரணாகதியை நிறுவ வேதாந்த தேசிகன் அபயப்ரதான ஸாரம் அருளிச்செய்தபோது எடுத்துக்கொண்டதும் கடற்கரையில் நடந்த அந்த விபீஷண சரணாகதியையே. தன் குலத்தையும் தீவையும் விட்டுக் கடலைக் கடந்து வந்து நின்றவனை ஏற்பதா என்ற ஆலோசனை நிகழ்ந்த இடம் கரை. ‘வந்தவன் எவன்’ என்று ஆராய்ந்தவர் ஸுக்ரீவ மஹாராஜர். ‘வந்தான்’ என்பதே போதும் என்றவன் பெருமாள். ஓர் அமாவாஸையும் ஒரு மகமும் கண்ணபுரத்து நாட்கணக்கில் இப்படி நிற்கின்றன: ஒன்றில் அயல்தீவான் உள்ளே வருகிறான், மற்றொன்றில் பெருமாள் கரைக்கு வெளியே செல்கிறான்.

தேசாசாரத்தை எந்த அளவுக்கு மதிப்பது என்ற வினாவுக்கு நம் குருபரம்பரையே விடை வைத்திருக்கிறது, அதுவும் கடற்கரையிலேதான். எம்பெருமானார் புருஷோத்தமத்துக்கு எழுந்தருளியபோது அங்கு நடந்த ஆராதனத்தைப் பாஞ்சராத்ர முறைக்கு மாற்றத் திருவுள்ளம் பற்றினார். ஜகந்நாதன் இசையவில்லை. உடையவர் விடாமல் முயல, ஓரிரவில் அவரைத் துயில்கொண்ட நிலையிலேயே ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்த்துவிட்டான். விடிந்து பார்த்தால் வேறு ஊர், வேறு கடற்கரை. இந்தக் கதையை நம் எதிரிகள் எழுதவில்லை. நம் பெரியோரே எழுதிப் போற்றிவைத்தார்கள். ஸித்தாந்தத்துக்கு அதிபதியான எம்பெருமானாரின் திருவுள்ளத்தையும் மறுத்து, அவ்வூரார் செய்யும் பூஜையே தனக்கு வேண்டும் என்றான் எம்பெருமான் என்பதை ஒளிக்காமல் பதிவு செய்த நேர்மை வியக்கத்தக்கது. அங்கே பூஜைக்கு உரியவர்களுள் தைதாபதிகள் சபரர் தலைவன் விச்வாவஸுவின் வழிவந்தோராகச் சொல்லப்படுவர். ஜகந்நாதன் அவர்களுக்கு உறவினன். புதிய திருமேனி அமைக்கும் நவகளேபரத்தின்போது பழைய திருமேனியை அடக்கம் செய்து அவர்கள் ஆசௌசம் காக்கிறார்கள். 2015-இலும் அது நடந்தது. இறந்தவர்க்குத் தீட்டுக் காப்பது ஜ்ஞாதிகளின் செயல். பெருமாளுக்கே தீட்டுக் காக்கும் இவர்களோடு ஒப்பிட்டால், பட்டினச்சேரியார் சொல்லும் மாப்பிள்ளை முறை மிகையாகத் தோன்றாது.

உறவு கொள்ளாமலே வரவேற்கும் கரையும் உண்டு. ஸ்வயம்வ்யக்த க்ஷேத்ரமான ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராஹப் பெருமாள் மாசிமகத்துக்குச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளுகிறான். அங்குள்ள தைக்கால் தர்காவின் முன் பெருமாள் நிற்க, முஸ்லிம்கள் மரியாதை செய்து, பெருமாளின் மாலையையும் ப்ரஸாதத்தையும் பெற்றுக்கொள்கிறார்கள். இதைக் குறித்து அதிகம் எழுத வேண்டியதில்லை; பார்த்தவர்கள் அறிவர். கடலுக்குப் போகும் வழியில் யார் வீடு இருக்கிறதோ அவர்களெல்லாம் அந்த உத்ஸவத்தில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது கீழ்க்கரையின் இயல்பு.

அவ்வழியே குறித்தும் ஒரு வார்த்தை. திருக்கண்ணபுரம் இன்று தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. திருமலைராயன்பட்டினம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில் உள்ளது. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சி நிலைத்தது. மன்னன் திருமலைராயன் பெயர் தாங்கிய பட்டினம் பிரெஞ்சுப் பட்டினமாயிற்று. மேற்கே கண்ணபுரம் தஞ்சை மராட்டியர் ஆட்சியிலும், பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தது. மாமனார் ஊர் ஒரு கொடியின் கீழும், மாப்பிள்ளை ஊர் மற்றொரு கொடியின் கீழுமாக இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. அரசுகளின் எல்லைக்கல் இவ்விரண்டு ஊர்களையும் வேறு தேசங்களாக்கியது. கதை அவற்றை ஒரு குடும்பமாகவே வைத்திருந்தது. நிரவிக் கரியமாணிக்கப் பெருமாள், காரைக்கால் நித்யகல்யாணப் பெருமாள், கோவில்பத்துக் கோதண்டராமர், திருமலைராயன்பட்டினத்து வீழி வரதராஜப் பெருமாள் முதலிய சுற்றுவட்டத்து மூர்த்திகளும் அதே கரையில் மகத்தன்று சேர்கிறார்கள். ஒரு நிலப்பகுதி தன்னைத் தானே இன்னதென்று அறிந்துகொள்ளும் நாள் அது. வருவாய்த்துறை வரைபடத்தில் அந்நிலப்பகுதிக்குப் பெயர் இல்லை.

இவ்வளவும் சொன்னதன் பயன் ஒன்று உண்டு. கண்ணபுர மாஹாத்ம்யத்தை இனிப் பதிப்பிப்பவர்களும், தலவரலாறு எழுதுபவர்களும் பத்மினி நாச்சியாரின் பகுதியைச் செப்பனிட முற்படுவதைக் காண்கிறோம். மீனவர் தலைவனின் மகள் என்பது ‘ஓர் அரசன் மகள்’ என்றாகிறது. அடுத்த பதிப்பில் அரசன் க்ஷத்ரியனாகிறான். அவள் பூதேவியின் அம்சம் என்று சேர்க்கப்படுகிறது. கடைசியில் கரைக்கு எழுந்தருளுவதற்குத் தீர்த்தமஹிமை ஒன்றே காரணமாய் மிஞ்சுகிறது. நாச்சியாருக்கு ஏற்றம் சொல்வதாக நினைத்துச் செய்யும் காரியம் இது. பிராட்டியின் அம்சம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆண்டாளையும் பூமிப்பிராட்டி என்கிறோம். ஆனால் அதற்காக அவள் பெரியாழ்வாரின் மகளல்லள் என்று எவரும் எழுதியதில்லை. பாகவதர்களின் பிறப்பைத் தேடித் தாழ்த்துவது குற்றம் என்று நம் ஆசார்யர்கள் வகுத்தார்கள். பிறப்பை மறைத்து உயர்த்துவதும் அதே குற்றத்தின் மறுபக்கமே. தாழ்வு என்று நினைத்ததனால்தானே மறைக்கத் தோன்றியது? மாறனேரி நம்பியின் சரம கைங்கர்யத்தைத் தாமே செய்த பெரிய நம்பி, அவர் பிறப்பை மாற்றிச் சொல்லி ஊரார் வாயை அடைக்கவில்லை.

கோயிலொழுகைப் பாருங்கள். உடையவர் திருவரங்கத்துக் கைங்கர்யங்களைக் கொத்துக் கொத்தாக வகுத்தபோது வேதபாராயணத்தோடு நில்லாமல், பல குலத்தார் செய்யும் பணிகளையும் பெயரிட்டு முறைப்படுத்தினார். அவ்வகையில் எழுதவேண்டியது கண்ணபுரத்துக்கும் உண்டு. மகத்தன்று ஸ்ரீபாதம் தாங்கும் பட்டினச்சேரியார் எவ்விடத்தில் பெருமாளை ஏற்கிறார்கள், எவ்விடத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். சப்பரம் கட்டுபவர் யார். சாத்துவதற்குப் பட்டு எவ்வீட்டிலிருந்து வருகிறது. முதல் மரியாதை யாருக்கு. பத்மினி நாச்சியாரின் கதையை ஊர்ப் பெரியவர்கள் எந்தச் சொற்களில் சொல்கிறார்கள்: இவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே, நம் மணிப்ரவாளத்துக்கு மாற்றாமல், கண்ணபுரத்து உத்ஸவக் குறிப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த மாசிமகத்துக்கு அச்சிடும் பத்திரிகையிலேயே ‘தீர்த்தவாரி’ என்பதற்கு முன்னால் ‘பத்மினி நாச்சியார் திருவவதரித்த பட்டினச்சேரிக்குப் புறப்பாடு’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குக் கைங்கர்யபரர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.